கட்டாத நேரத்துக் கொத்தனார்: அரிஸ்டாட்டிலின் உள்ளாற்றல் கோட்பாடு

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம். பேச்சின் நடுவே சொன்ன சில கிளைச்செய்திகள் நீக்கப்பட்டுள்ளன.)



என்ன பேசப் போகிறீர்கள் என்று மெய்யியல் துறையிலிருந்து கேட்டபோது, அகலமான தலைப்பு எதையும் நான் கொடுக்கவில்லை. கி.மு. நான்காம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் வகுத்த ஒரே ஓர் இணையைப் பற்றி மட்டும் பேசுகிறேன் என்றேன். அவர் அவற்றை டூனமிஸ் என்றும் எனெர்கேயா என்றும் அழைத்தார். முன்னதை உள்ளாற்றல் என்றும் பின்னதைச் செயல்நிலை என்றும் இந்த உரை முழுக்க வழங்குகிறேன். அவருடைய ‘மெட்டாபிசிக்ஸ்’ நூலின் பதினான்கு பகுதிகளில் ஒன்பதாவது, தீட்டா எனப்படுவது, பெரும்பாலும் இதற்கே ஒதுக்கப்பட்டது.

பாடநூல்களில் இந்த இணைக்கு வழக்கமாகக் காட்டப்படுவது ஓக் மரத்தின் விதை. நம் வகுப்பறைக்கு வந்தால் அதுவே ஆலம் விதையாகிவிடும். விதை இன்று விதை, நாளை மரம். ஆகவே உள்ளாற்றல் என்றால் இனி வரப்போவது, செயல்நிலை என்றால் வந்து சேர்ந்தது என்று மாணவர் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார். பட்டம் வாங்கிய பிறகும் அந்தக் குறிப்பு மனத்தை விட்டுப் போவதில்லை.

அது தவறான குறிப்பு என்பதே என் கட்சி. உள்ளாற்றல் என்று அரிஸ்டாட்டில் சொல்வது ஒரு பொருளின் இன்றைய நிலையை. அந்தப் பொருளுக்கு நாளை என்ன ஆகும் என்பது வேறு கேள்வி. தீட்டாவில் ஓக் விதை எங்குமே வருவதில்லை. அங்கே திரும்பத் திரும்ப வருபவர் வீடு கட்டுபவர், நம் வழக்கில் கொத்தனார். அதிலும் வேலை செய்யாமல் சும்மா இருக்கும் கொத்தனார். அவரிடமிருந்து தொடங்கினால் இந்தக் கோட்பாடு தெளிவாகிறது. விதையிலிருந்து தொடங்கினால் குழம்புகிறது.

1. இது யாருக்குச் சொன்ன மறுமொழி?

தெற்கு இத்தாலியின் எலியா நகரத்தைச் சேர்ந்த பார்மெனிடீஸ், மாற்றம் என்பதே இருக்க முடியாது என்று வாதிட்டவர். ஒன்று புதிதாகத் தோன்றுகிறது என்றால், அது இருப்பதிலிருந்து தோன்ற வேண்டும், அல்லது இல்லாததிலிருந்து தோன்ற வேண்டும். இருப்பது ஏற்கெனவே இருக்கிறது, அது தோன்ற வேண்டியதில்லை. இல்லாததிலிருந்து எதுவும் வராது. எனவே தோற்றமும் இல்லை, மாற்றமும் இல்லை. அவருக்குப் பின் வந்த கிரேக்கச் சிந்தனையாளர்கள் பலரும் இந்தக் கிடுக்கிப்பிடியை ஏதோ ஒரு வகையில் தளர்த்தப் பார்த்தவர்கள்தாம்.

ஆனால் தீட்டாவின் மூன்றாம் அதிகாரத்தில் அரிஸ்டாட்டில் பெயர் சொல்லி எதிர்கொள்வது இன்னும் அருகிலிருந்த ஒரு கூட்டத்தாரை. ஏதென்ஸுக்கும் கொரிந்துக்கும் இடையே உள்ள ஊர் மெகாரா. சாக்ரட்டீஸின் தோழர்களில் ஒருவரான யூக்ளிடீஸ் அங்கே ஒரு சிந்தனைப் பள்ளியைத் தொடங்கினார் (வடிவியல் நூல் எழுதிய யூக்ளிட் வேறு). அந்த மெகாராக்காரர்களின் கூற்று சுருக்கமானது: ஒருவர் ஒன்றைச் செய்துகொண்டிருக்கும்போது மட்டுமே அதைச் செய்யும் ஆற்றல் அவரிடம் உண்டு, செய்யாதபோது இல்லை.

கேட்பதற்கு விசித்திரமாக இருந்தாலும் இதில் ஒரு நேர்மை இருக்கிறது. கண்ணுக்குத் தெரிவதை மட்டும் ஒப்புக்கொள்வோம், தெரியாத எதையும் பொருளுக்குள் திணிக்க வேண்டாம் என்கிறார்கள். கொத்தனார் கல்மேல் கல் வைக்கிறார், அது தெரிகிறது. அவர் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது ‘கட்டும் ஆற்றல்’ என்ற ஒன்று எங்கே தெரிகிறது?

அரிஸ்டாட்டிலின் பதிலை நிதானமாகப் பார்க்க வேண்டும். அந்த அதிகாரத்தின் அழகே அதில்தான் இருக்கிறது. கட்டுவதை நிறுத்திய கணத்தில் கொத்தனார் தன் கலையை இழந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். எப்படி இழந்தார்? ஒரு கலையை இழப்பதற்கு வழிகள் சிலவே. மறந்துபோக வேண்டும், அல்லது ஏதாவது விபத்து நேர வேண்டும், அல்லது காலம் அதைத் தேய்க்க வேண்டும். இவற்றில் எதுவும் நடக்கவில்லை. சரி, மறுபடி வேலையைத் தொடங்குகிறார். இழந்த கலை எப்படித் திரும்பி வந்தது? கலையைப் பெறுவதற்குக் கற்க வேண்டும். அவர் எழுந்து கரணையைக் கையில் எடுத்த அந்த நொடியில் யாரிடம் கற்றார்?

அடுத்து, புலன்களுக்கு வருகிறார். பார்க்காதபோது பார்வை இல்லை என்றால், கண் நல்லபடியாக இருக்கும் ஒரே மனிதர் ஒரே நாளில் பல முறை குருடாகிறார், பல முறை செவிடாகிறார். சுவைப்பவர் இல்லாத நேரத்தில் எதுவும் இனிப்பாக இராது. கடைசியாக, நிற்பவர் என்றென்றும் நிற்பார், உட்கார்ந்திருப்பவர் என்றென்றும் உட்கார்ந்தே இருப்பார். ஏனெனில் எழும் ஆற்றல் இல்லாதவர் எழ முடியாது. தெரிவதை மட்டும் ஒப்புக்கொள்வோம் என்று தொடங்கிய மெகாராக்காரர்கள் இவ்வாறு பார்மெனிடீஸின் அசையாத உலகில் போய் நிற்கிறார்கள்.

இந்த வாதம் எதுவும் நாளையைப் பற்றிப் பேசவில்லை என்பதைக் கவனியுங்கள். சாப்பிட உட்கார்ந்திருக்கும் கொத்தனாரிடம் அந்த நேரத்தில் இருப்பது என்ன, கட்டத் தெரியாத பக்கத்து மனிதரிடம் இல்லாதது என்ன என்பதே கேள்வி. கொத்தனார் அன்று மாலையே இறந்து, மறுபடி ஒரு கல்கூட எடுத்து வைக்காமல் போனாலும் அந்த வேறுபாடு இருந்தது இருந்ததுதான்.

2. படிகள் இரண்டல்ல, மூன்று

‘ஆன்மா பற்றி’ என்ற நூலின் இரண்டாம் பகுதி, ஐந்தாம் அதிகாரத்தில் அரிஸ்டாட்டில் இதை இன்னும் நுணுக்கமாக்குகிறார். ‘அறிவுடையவர்’ என்ற சொல்லை மூன்று நிலையில் உள்ளவர்களுக்கு வழங்கலாம். ஒருவர் மனிதராகப் பிறந்திருக்கிறார், அறியக்கூடிய இனத்தைச் சேர்ந்தவர், அந்த அளவில் அறிவுடையவர். இன்னொருவர் எழுத்தறிவைக் கற்று வைத்திருக்கிறார், வேண்டும்போது பயன்படுத்த முடியும். மூன்றாமவர் இதோ இந்த ‘ஆல்ஃபா’ எழுத்தை இந்தக் கணத்தில் அறிந்துகொண்டிருக்கிறார்.

முதலாமவரும் இரண்டாமவரும் உள்ளாற்றல் நிலையில் இருப்பவர்களே, ஆனால் ஒரே வகையில் அல்ல. முதற்படியிலிருந்து இரண்டாம் படிக்கு வர ஒருவர் மாற வேண்டும். அறியாமை போக வேண்டும், ஆசிரியர் வேண்டும், காலம் வேண்டும். இரண்டாம் படியிலிருந்து மூன்றாம் படிக்குப் போவதை மாற்றம் என்றே சொல்லக் கூடாது என்கிறார் அரிஸ்டாட்டில். அங்கே எதுவும் அழிவதில்லை. இருப்பது தன்னை நோக்கியே முன்னேறுகிறது. இதற்கு அவர் உடனே கொடுக்கும் உவமை என்ன தெரியுமா? கட்டும்போது கொத்தனார் வேறொருவராக மாறுவதில்லை என்பதுதான்.

இந்த நடுப்படியே கோட்பாட்டின் இதயம் என்று நான் கருதுகிறேன். கற்றவர், ஆனால் பயன்படுத்தாமல் இருப்பவர். கல்லாதவரோடு ஒப்பிட்டால் அவர் செயல்நிலையில் இருக்கிறார். வாசித்துக்கொண்டிருப்பவரோடு ஒப்பிட்டால் உள்ளாற்றல் நிலையில் இருக்கிறார். ஒரே நிலைக்கு இரண்டு முகம்.

உயிர் என்றால் என்ன என்ற கேள்விக்கு அரிஸ்டாட்டில் தந்த புகழ்பெற்ற விடையும் இங்கேதான் அமர்கிறது. உயிர்வாழும் உள்ளாற்றல் கொண்ட இயற்கை உடம்பின் முதற்செயல்நிலையே ஆன்மா என்பது அவர் வரையறை. ‘முதல்’ என்ற அடைமொழி ஏன்? அவரே விளக்குகிறார். தூங்குகிறவருக்கும் ஆன்மா உண்டு. தூக்கம் என்பது அறிவைப் பயன்படுத்தாமல் வைத்திருப்பது போன்றது. ஆக, உயிரோடிருப்பது என்பது அடிப்படையில் ஓய்வில் இருக்கும் கொத்தனாரின் நிலை. கண் ஒரு விலங்காக இருந்தால் பார்வையே அதன் ஆன்மாவாக இருக்கும் என்கிறார். கல்லில் செதுக்கிய கண்ணும் சித்திரத்தில் தீட்டிய கண்ணும் பெயரளவில் மட்டுமே கண். மூடியிருக்கும் கண் அப்படியல்ல, முழுமையாகக் கண்.

உயிரை இழந்த உடம்புக்கு உயிர்வாழும் உள்ளாற்றல் கிடையாது, உயிருள்ள உடம்புக்கே அது உண்டு என்று இந்த வரையறை வரும் அதிகாரத்திலேயே சொல்கிறார். உள்ளாற்றலை ‘இன்னும் வராதது’ என்று படிப்பவர்களுக்கு இந்த வாக்கியம் பெரும் புதிர். வாழ்ந்துகொண்டிருப்பதற்கு வாழும் உள்ளாற்றல் எதற்கு என்பார்கள். நடுப்படியை மனத்தில் வைத்துப் படித்தால் புதிரே இல்லை.

3. விதையைப் பற்றி அவர் சொன்னது

விதை எடுத்துக்காட்டை அரிஸ்டாட்டிலே ஐயத்தோடுதான் கையாண்டார். தீட்டாவின் ஏழாம் அதிகாரம், எது எப்போது உள்ளாற்றல் நிலையில் இருக்கிறது என்ற கேள்வியோடு தொடங்குகிறது. மண் உள்ளாற்றல் நிலையில் மனிதனா? இல்லை. அது வித்தாகும்போதுதான் அப்படிச் சொல்லலாம், ஒருவேளை அப்போதும் சொல்ல முடியாது என்கிறார். ஏனெனில் வித்து இன்னொன்றில் போய்ச் சேர்ந்து மாற வேண்டும். அதேபோல மண் இன்னும் உள்ளாற்றல் நிலையில் சிலை அல்ல. முதலில் அது வெண்கலமாக வேண்டும்.

அவர் வைக்கும் அளவுகோல் கறாரானது. ஒரு வீட்டுக்கான பொருளில், வீடாவதைத் தடுப்பது எதுவும் இல்லாதபோது, இனிச் சேர்க்கவோ நீக்கவோ மாற்றவோ எதுவும் மீதமில்லாதபோது, அது உள்ளாற்றல் நிலையில் வீடு. பின்னால் என்றாவது வீடாகிவிடும் என்பது போதாது. அப்படிப் பார்த்தால் மண்ணில் பாதி உலகம் அடங்கிவிடும். இன்று, இப்போது, அது ஆயத்தமாக இருக்கிறதா என்பதே கேள்வி.

4. எதிர்காலத்திடம் ஒப்படைத்தவர்

இந்தக் கோட்பாட்டை எதிர்காலக் கணிப்பாக ஆக்கினால் என்ன ஆகும் என்பதை நாம் ஊகிக்க வேண்டியதில்லை. பண்டைக் கிரேக்கத்திலேயே ஒருவர் அதைச் செய்து பார்த்தார். அரிஸ்டாட்டில் கி.மு. 322இல் இறந்தார். அதற்குப் பின் புகழ்பெற்ற தருக்கவாதி டையோடோரஸ் குரோனஸ், மெகாரா மரபோடு தொடர்புடையவர். இப்போது உண்மையாக இருப்பது அல்லது இனி உண்மையாகப் போவது மட்டுமே இயலக்கூடியது என்றார் அவர். இதற்கு அவர் கட்டிய வாதத்துக்கு ‘தலைவாதம்’ என்று பெயர். ஸ்டோயிக் மெய்யியலாளர் எபிக்டீட்டஸின் உரைகளில் அதன் சட்டகம் நமக்குக் கிடைக்கிறது: கடந்துபோன உண்மைகள் எல்லாம் மாற்ற முடியாதவை, இயலக்கூடியதிலிருந்து இயலாதது பின்தொடராது, இப்போதும் உண்மையாகாத இனியும் உண்மையாகாத ஒன்று இயலக்கூடியதாக இருக்கலாம் ஆகிய மூன்றும் ஒன்றாக நிற்க முடியாது. முதலிரண்டையும் வைத்துக்கொண்டு மூன்றாவதை டையோடோரஸ் கைவிட்டார்.

பழைய மெகாராக்காரர்கள் ஆற்றலை இந்தக் கணத்துச் செயலில் கரைத்தார்கள். டையோடோரஸ் அதை வரப்போகும் செயலில் கரைத்தார். இரண்டிலும் பொருளுக்கென்று சொந்தமாக ஒன்றும் மிஞ்சவில்லை.

அரிஸ்டாட்டிலின் தருக்க நூல்களில் இதற்கு எதிரான ஓர் எளிய எடுத்துக்காட்டு முன்கூட்டியே இருக்கிறது. ஒரு மேலாடை. அதை வெட்ட முடியும். ஆனால் யாரும் வெட்டாமலே அது உடுத்தி உடுத்திக் கிழிந்து போகலாம். போகட்டும். கடைசி வரை வெட்டப்படாத அந்தத் துணியும் வெட்டக்கூடிய துணியாகவே இருந்தது. கரையாமல் போன உப்புக்கட்டியைப் பற்றி இன்றைய மெய்யியலாளர்கள் நடத்தும் நீண்ட விவாதத்துக்கு இந்த மேலாடையே மூத்தது.

5. கட்டப்படும்போது

மாற்றத்துக்கு அரிஸ்டாட்டில் தந்த வரையறை ‘பிசிக்ஸ்’ மூன்றாம் பகுதியின் தொடக்கத்தில் வருகிறது. உள்ளாற்றல் நிலையில் உள்ளது, உள்ளாற்றல் நிலையில் உள்ளது என்ற முறையிலேயே செயல்நிலை கொள்வதுதான் மாற்றம். பல நூற்றாண்டுகளாகப் பலரையும் திணறடித்த வாக்கியம் இது. கட்டுமான இடத்துக்குப் போய்ப் பார்த்தால் புரியும். குவித்து வைத்த செங்கல் கட்டப்படக்கூடியது, ஆனால் அந்தத் தன்மை அங்கே உறங்குகிறது. வீடு எழுந்து முடிந்த பிறகு அது கட்டப்படக்கூடியது இல்லை, கட்டப்பட்டது. அதன் ‘கட்டப்படக்கூடிய’ தன்மை முழு விழிப்போடு இருப்பது இரண்டுக்கும் நடுவே, சுவர் பாதி எழுந்து, சாந்து ஈரமாக இருந்து, அடுத்த வரிசைக்கு நூல் பிடித்திருக்கும் நேரத்தில் மட்டும். அந்த நேரத்தின் பெயர்தான் மாற்றம். வெண்கலம் வெண்கலமாக இருப்பது வேறு, சிலையாகக்கூடியதாக இருப்பது வேறு என்றும் சேர்த்துச் சொல்லி இதைத் தெளிவாக்குகிறார்.

விதை உருவகத்தில் இந்த நடுநேரத்துக்கு இடமே இல்லை. அங்கே தொடக்கமும் முடிவும் மட்டும் இருக்கும்.

6. ஒரு பத்தி, இரண்டு சுவடி மரபு

தீட்டாவின் ஆறாம் அதிகாரக் கடைசியில், மேற்கோளாகப் பெரிதும் எடுத்தாளப்படும் ஒரு பத்தி உண்டு. ஒருவர் பார்க்கும்போதே பார்த்தாயிற்று, புரிந்துகொள்ளும்போதே புரிந்தாயிற்று, நன்றாக வாழும்போதே வாழ்ந்தாயிற்று. வீடு கட்டும்போதே கட்டியாயிற்று என்றோ, உடம்பு மெலியும்போதே மெலிந்தாயிற்று என்றோ சொல்ல முடியாது. முன்னவை முழுமையான செயல்நிலைகள், பின்னவை மாற்றங்கள்.

அருமையான வேறுபாடு. ஆனால் இந்தப் பத்தி எல்லாச் சுவடிகளிலும் இல்லை. வியன்னாவில் உள்ள ஒன்பதாம் நூற்றாண்டுப் படியிலும் பாரிஸில் உள்ள பத்தாம் நூற்றாண்டுப் படியிலும் அது காணப்படவில்லை. ஃபுளோரன்ஸில் உள்ள பன்னிரண்டாம் நூற்றாண்டுப் படியில் இருக்கிறது. அறிஞர் மைல்ஸ் பர்னியெட் 2008இல் வெளியிட்ட நீண்ட கட்டுரையில், எழுதியவர் அரிஸ்டாட்டிலாகவே இருந்தாலும் இது தீட்டாவுக்காக எழுதப்பட்டதல்ல என்று வாதிட்டார். அவர் வாதம் வலுவானது என்பது என் கருத்து. எனவே என் கட்சியை நான் இந்தப் பத்தியின் மேல் நிறுத்தவில்லை. நிறுத்த வேண்டிய தேவையும் இல்லை. எந்த ஐயமும் எழாத எட்டாம் அதிகாரமே போதும். பார்வையின் முடிவு பார்ப்பதுதான், பார்ப்பதற்கு அப்பால் அங்கே எதுவும் விளைவதில்லை என்றும், கட்டும் கலையிலிருந்து மட்டும் வீடு என்ற வேறொரு பொருள் விளைகிறது என்றும் அங்கே தெளிவாக இருக்கிறது. செயல்நிலை என்றாலே ‘வந்து சேர்ந்த விளைவு’ என்று எடுத்துக்கொள்வது தவறு என்பதற்கு அதுவே சான்று.

7. செயல்நிலையின் முதன்மை

இங்கே ஒரு தடை எழும். உள்ளாற்றல் இன்றைய உண்மை என்றால், அந்த உண்மை எதைப் பற்றியது? ஓய்விலிருக்கும் கொத்தனாருக்குள் என்ன இருக்கிறது? கை வலிமையா, நினைவா, பழக்கமா?

செயலைக் குறிப்பிடாமல் இதற்கு விடை சொல்ல முடியாது என்பதே எட்டாம் அதிகாரத்தின் மையம். கட்டும் ஆற்றல் என்பது கட்டுவதற்கான ஆற்றல். கட்டுவது இன்னதென்று அறியாதவருக்கு அந்த ஆற்றலும் இன்னதென்று தெரியாது. எனவே வரையறையில் செயல்நிலை முந்தியது. காலத்திலும் ஒரு வகையில் முந்தியது. தனியொருவரை எடுத்தால் ஆற்றல் முதலில், செயல் பிறகு. ஆனால் இனத்தை எடுத்தால், மனிதரைப் பெறுவது ஏற்கெனவே மனிதராக இருப்பவர், இசைவாணரை ஆக்குவது ஏற்கெனவே இசைவாணராக இருப்பவர். யாழ் வாசிக்கத் தெரியாதவர் எப்படி வாசித்து வாசித்தே கற்கிறார் என்ற சோபிஸ்டுகளின் புதிரையும் இந்த இடத்தில் எடுத்து விடுவிக்கிறார்: கற்பவரிடம் அந்தக் கலையின் ஏதோ ஒரு பகுதி ஏற்கெனவே இருக்கத்தான் வேண்டும்.

மூன்றாவது, இருப்பிலும் செயல்நிலையே முந்தியது. விலங்குகள் பார்வையை வைத்துக்கொள்வதற்காகப் பார்ப்பதில்லை, பார்ப்பதற்காகவே பார்வையைப் பெற்றிருக்கின்றன என்கிறார். தீட்டாவில் எனக்கு மிகப் பிடித்த வாக்கியம் இது. ஆற்றலுக்குச் சொந்த இருப்பு உண்டு என்று மெகாராக்காரர்களிடம் வாதாடி வென்றவர், அதே மூச்சில் அந்த ஆற்றல் எதற்காக நிற்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறார்.

இதே அதிகாரத்தில் அவர் வானத்துக்குத் தாவுகிறார். சூரியனும் விண்மீன்களும் எப்போதும் செயல்நிலையில் இருப்பவை, இயற்கையை ஆய்ந்த சிலர் அஞ்சுவது போல அவை நின்றுவிடும் என்ற பயம் வேண்டாம் என்கிறார். ‘மெட்டாபிசிக்ஸ்’ பன்னிரண்டாம் பகுதியில், ஆற்றல் கலவாத தூய செயல்நிலையான அசையாத இயக்குபவர் வரை இந்த வழி போகிறது. இடைக்கால இஸ்லாமிய, கிறித்தவ மெய்யியலில் இறைவன் பற்றிய பேச்சின் பெரும்பகுதி இந்த இடத்திலிருந்து கிளைத்தது. ஆனால் விண்மீன்களைப் பொறுத்தவரை அந்த இயற்கை ஆய்வாளர்களின் அச்சமே சரி. விண்மீன்களும் எரிந்து தீருகின்றன, சூரியனும் தீரும். அரிஸ்டாட்டிலின் வானியல் விழுந்துவிட்டது. வரையறையில் செயல்நிலை முந்தியது என்ற வாதத்துக்கு அதனால் ஒரு கீறலும் இல்லை. அது வானத்தின் மேல் நிற்கவில்லை, கொத்தனார் மேல் நிற்கிறது.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். தீட்டா சிறியது, பத்தே அதிகாரங்கள். முதல் அதிகாரத்திலிருந்து வரிசையாகப் படிக்காதீர்கள், வரையறைகளில் சோர்ந்துவிடுவீர்கள். மூன்றாம் அதிகாரத்தைத் திறந்து மெகாராக்காரர்களோடு நடக்கும் வழக்கை முதலில் படியுங்கள். பிறகு ஏழு, அதன்பின் எட்டு, கடைசியாக ஆறு. ஆசிரியர்களிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை இந்தப் பாடத்தை நடத்தும்போது ஆலம் விதையை ஒதுக்கி வைத்துவிட்டுக் கொத்தனாரை வகுப்புக்குள் அழைத்து வாருங்கள்.